பாலி பயணமா? எச்சரிக்கையை இப்படிப் படியுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி பெங்களூரு விமான நிலையம் போன பிறகு ‘விமானம் ரத்து’ என்று கேட்பது கொடுமை. அதைத் தவிர்க்க:

1. இந்தோனேசியாவுக்கான பயண எச்சரிக்கையில் தீவின் பெயரைத் தேடுங்கள். பப்புவாவில் கலவரம் என்றால் பாலி பயணத்தைக் கைவிட வேண்டாம், இரண்டுக்கும் இடையே வெகுதூரம்.

2. எரிமலை என்றால் மட்டும் தூரத்தை நம்பாதீர்கள். 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவொடோபி எரிமலை வெடித்தபோது, சாம்பல் மேகத்தால் பாலி விமானங்களே ரத்தாயின. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் விமான நிறுவனத்திடம் உறுதி செய்யுங்கள்.

3. தேதியைப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் பழைய எச்சரிக்கையும் சுற்றும். ஜகார்த்தா இந்தியத் தூதரகத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

4. பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு எடுங்கள். எரிமலை வெடித்தபின் எடுத்தால் அதற்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.