கிரவுட் ஏற்றும் நாளில் இடத்தை விட்டு நகராதீர்கள்

கரையாம்புத்தூர், பாகூர் பக்கத்திலிருந்து சிவில் டிப்ளமாவோ பி.இ.யோ முடித்துப் பாலம் கட்டும் சைட்டில் சேர்கிறீர்களா? கிரவுட்டிங் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கேபிளை இழுத்து இறுக்கும் ஸ்ட்ரெஸ்ஸிங் நடக்கும்போது பெரிய இன்ஜினியர்கள் எல்லாரும் நிற்பார்கள். கேபிள் ஓடும் குழாய்க்குள் கிரவுட், அதாவது சிமென்ட் பால், ஏற்றும்போது பல சைட்டுகளில் பம்ப் ஆட்கள் மட்டுமே இருப்பார்கள். பாலத்தின் ஆயுள் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது.

கோவாவில் பணஜியின் மாண்டவி பாலம் 1986 ஜூலை 5 அன்று விழுந்தது. அதற்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கேபிள்களைத் துரு தின்றிருந்தது. முந்தைய டிசம்பரில் வேல்ஸின் இனிஸ்-அ-குவாஸ் பாலம் முன்னறிகுறி ஏதுமின்றிச் சரிந்தது. 1992 முதல் 1996 வரை பிரிட்டன் குழாய்க்குள் கேபிள் இழுத்துக் கிரவுட் ஏற்றும் புதுப் பாலங்களையே நிறுத்தி வைத்தது. சாதாரணக் கம்பி துருப்பிடித்தால் கறை தெரியும், கான்கிரீட் பெயரும். குழாய்க்குள் இருக்கும் கேபிள் பெரும்பாலும் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

தண்ணீரில் கண் வையுங்கள். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.40 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர். பம்ப் திணறினால் யாராவது ஒரு வாளி கூடுதலாக ஊற்றிவிடுவார். அந்தத் தண்ணீர் சிமென்ட்டை விட்டுப் பிரிந்து, ஏழு இழை ஸ்ட்ராண்டின் இடுக்கு வழியே மேலேறி, கேபிளின் மேட்டிலும் ஆங்கர் அருகிலும் தேங்கும். அது வற்றினால் மிஞ்சுவது வெற்றிடம். ஃபுளோரிடாவில் 1999இல் நைல்ஸ் சேனல் பாலத்தின் கேபிள் துருவேறி அறுந்தது இப்படி ஒரு வெற்றிடத்தில்தான்.

எனவே தண்ணீரை நீங்களே அளந்து கொடுங்கள். கட்டிதட்டிய சிமென்ட்டைத் திருப்பி அனுப்புங்கள். சித்திரை வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே ஏற்றுங்கள். ஸ்ட்ரெஸ்ஸிங் முடிந்து பொதுவாக இரண்டு வாரத்துக்குள் கிரவுட் ஏற்ற வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. நம் கடற்காற்றுக்கு அதற்கும் முன்பே முடிப்பது நல்லது. காற்று வெளியேறும் வென்ட்டில் முதலில் வரும் நீர்த்த பாலைப் பார்த்து மூடிவிடாதீர்கள். உள்ளே போகும் அதே கெட்டியில் வெளியே வரும்வரை ஓடட்டும். மறுநாள் வென்ட்டைத் திறந்து கம்பியால் குத்திப் பாருங்கள். பள்ளம் தட்டினால் நிரப்பிய பிறகே ஆங்கரை மூட வேண்டும்.

ஒவ்வொரு கேபிளுக்கும் மூட்டை எண்ணிக்கை, தண்ணீர், பம்ப் அழுத்தம், நேரம் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறட்டும். குழாயில் கேபிள் போக மீதமுள்ள கொள்ளளவை முன்பே கணக்கிடுங்கள்; ஏறிய கிரவுட் அதைவிடக் குறைந்தால் உள்ளே எங்கோ காலியாக இருக்கிறது. சப்-கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவார். குறையை அன்றைக்கே எழுத்தில் கன்சல்டன்டிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய பாலங்களில் துளையிட்டு, போரோஸ்கோப் விட்டுப் பார்க்கும் சோதனை வேலைக்கும் இந்த அனுபவம் கைகொடுக்கும். எங்கே துளையிட வேண்டும் என்பது, கிரவுட் ஏற்றும்போது கூடவே நின்றவருக்குத் தெரியும்.