மன்னார் உழவு இயந்திரத்துக்குப் பனிநாட்டு ஒயில் வேண்டுமா?

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிப் பெரும்போகம் செய்யும் நானாட்டான், முருங்கன் வயல்களிலும், மன்னார்த் தீவின் மணல் பரந்த கரையோரத்திலும் உழைக்கும் டீசல் உழவு இயந்திரங்களுக்குச் செயற்கை என்ஜின் ஒயில் ஏற்றதா என்ற கேள்விக்கு, ஒன்றுக்கொன்று முரணான விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. செயற்கை ஒயில் என்பது, மூலக்கூறுகள் வேதியியல் முறையில் ஆக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ பெறப்படும் ஒயிலாகும். மசகு எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் கனிய ஒயிலில் எஞ்சியிருக்கும் மெழுகு இதில் இல்லாமையால், கடுங்குளிரிலும் இது உறையாமல் ஓடுகிறது. இந்த ஒரு குணத்தைச் சுற்றியே பல நம்பிக்கைகள் வளர்ந்துள்ளன.

நம்பிக்கை 1: குளிர்நாட்டுக்குரிய 5டபிள்யூ-40 செயற்கை ஒயில் மன்னார் வெயிலில் தண்ணீராகிவிடும்.

உண்மை: எஸ்.ஏ.ஈ. தரக்குறியீட்டில் ‘டபிள்யூ’ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண், குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது ஒயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸில் அதன் பிசுக்குமையை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடையையும் குறிக்கின்றன. ‘40’ என்று முடியும் ஒயில் எதுவாயினும், அந்த வெப்பத்தில் அதன் இயக்கப் பிசுக்குமை செக்கனுக்கு 12.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 16.3ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்பதால், 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆகிய இரண்டும் சூடேறிய என்ஜினில் ஒரே வரம்புக்குள்ளேயே நிற்கின்றன.

நம்பிக்கை 2: கடுங்குளிரைத் தாங்கும் ஒயில் உயர்ந்தது, ஆகவே அது எங்கும் சிறந்தது.

உண்மை: 15டபிள்யூ ஒயில், என்ஜின் சுழலத் தடையாகாதா என்று பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும், பம்பியால் இழுக்கப்படுமா என்று 25 பாகையிலும் சோதிக்கப்படுகிறது, 5டபிள்யூ ஒயிலுக்கு அந்த எல்லைகள் முறையே 30, 35 பாகைகளாகும். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் மாரிகாலத்தில் வேலை செய்யும் உழவு இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு என்ஜின் கிளம்புமா கிளம்பாதா என்பதையே தீர்மானிக்கக்கூடும். ஆனால், உறைபனி விழும் நுவரெலியாவில்கூட 15டபிள்யூ ஒயிலின் எல்லை நெருங்கப்படுவதில்லை. தை மாத அதிகாலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான மன்னாரில் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எனினும், செயற்கை ஒயில் வெப்பத்தில் ஒட்சியேற்றத்தை, அதாவது ஒட்சிசனோடு சேர்ந்து தடித்துக் கெடுவதை, கனிய ஒயிலைவிட நெடுநேரம் எதிர்க்கிறது. ஆகவே இங்கு அதனை வாங்குவதற்கு ஒரு நியாயம் உண்டென்றால், அது வெப்பத்தைப் பற்றியதேயன்றிக் குளிரைப் பற்றியதன்று.

நம்பிக்கை 3: கொள்கலனில் மிகப் புதிய ஏ.பி.ஐ. வகுப்பு அச்சிடப்பட்டிருந்தால் அதுவே எல்லா என்ஜினுக்கும் நல்லது.

உண்மை: ஏ.பி.ஐ. வகுப்பு என்பது ஒயிலின் பாதுகாக்கும் திறனை வகைப்படுத்தும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் குறியீடாகும். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாவதால், அதனை நடுநிலைப்படுத்தும் காரச் சேர்மானங்கள் ஒயிலில் கலக்கப்படுகின்றன. 2002இல் அறிமுகமான சி.ஐ-4 வகுப்பு, நிறையில் 0.5 சதவீதம் வரை கந்தகமுள்ள டீசலுக்காக வகுக்கப்பட்டது. 2016இல் வந்த சி.கே-4 வகுப்போ, புகைபோக்கியில் மாசு வடிகட்டிகள் பொருத்தப்பட்ட புதிய என்ஜின்களை முன்வைத்து, 0.05 சதவீதம் வரையான கந்தகத்துக்கே வகுக்கப்பட்டது. இலங்கையில் விற்கப்படும் சுப்பர் டீசலைவிட ஒட்டோ டீசலில் கந்தகம் பன்மடங்கு கூடுதலாதலால், ஒட்டோ டீசலில் ஓடும் பழைய உழவு இயந்திரத்துக்குப் பழைய வகுப்பே பொருத்தமாக அமைவது உண்டு.

நம்பிக்கை 4: செயற்கை ஒயில் ஊற்றினால் இரட்டிப்பு மணித்தியாலம் மாற்றாமல் ஓட்டலாம்.

உண்மை: ஒயில் கெடுவதற்கு வெப்பம் மட்டுமன்றி, அமிலமும் புகைக்கரியும் தூசும் காரணமாகின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வறண்ட நிலத்தை உழும்போதோ மணற்பாதையில் ட்ரெய்லர் இழுக்கும்போதோ என்ஜினுக்குள் புகும் சிலிக்கா துணிக்கைகள், ஒயில் எவ்வகையாயினும் பிஸ்டன் வளையங்களையும் உருளைச் சுவரையும் தேய்த்துவிடுகின்றன. பழைய மாதிரிகளிலுள்ள எண்ணெய்த் தொட்டிக் காற்று வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால், அடியில் சேறாகப் படிந்திருக்கும் மணல், கிண்ணத்து எண்ணெயை அது மேலே தள்ளிவிடும் அளவுக்கு மிகுந்திருக்கக் காணலாம். அந்த நிலையில் வடிகட்டி தன் வேலையைச் செய்வதில்லை. மேலும், கம்பி வழியாக இயங்கும் பழைய மணித்தியாலமானி, என்ஜின் குறித்த வேகத்தில் சுழலும்போது மட்டுமே சரியாகக் கணக்கிடுவதால், நெல் மூடைகள் ஏற்றி முடியும்வரை அணைக்காமல் விடப்பட்ட என்ஜினின் நேரத்தை அது குறைத்தே காட்டுகிறது.

நம்பிக்கை 5: ஒயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது.

உண்மை: புகைக்கரியைத் திரளவிடாமல் தன்னுள் தாங்கி வைத்திருப்பது டீசல் ஒயிலின் கடமையாதலால், மாற்றிய சில மணித்தியாலங்களிலேயே அது கறுப்பது இயல்பு. அளவுகோலில் ஒயில் பால்போல வெளுத்துத் தெரிந்தால் நீர் கலந்திருப்பதையும், ஊற்றாமலே மட்டம் உயர்ந்து டீசல் மணத்தால் எரிபொருள் கசிவதையும் ஐயுற வேண்டும்.

ஆகவே, தெரிவின் ஒழுங்கு உழவு இயந்திரத்தின் கையேட்டிலிருந்து தொடங்கி, டபிள்யூவுக்குப் பின்னுள்ள எண், ஊற்றப்படும் டீசலுக்கேற்ற வகுப்பு, காற்று வடிகட்டியின் பராமரிப்பு, மாற்றும் கால இடைவெளி என்ற வரிசையில் செல்ல வேண்டும். இவை அனைத்தும் நிறைவேறிய பின்னரே செயற்கை ஒயிலுக்கான மேலதிகச் செலவு பயனளிக்கும். இவற்றுள் ஒன்று தவறினாலும், அந்தப் பணத்தை ஒயிலுக்குப் பதிலாக வடிகட்டிக்குச் செலவிடுவதே என்ஜினின் ஆயுளை நீட்டும்.