மேல் வீட்டு ஃப்ளஷ், கீழ் வீட்டுத் தூக்கம்

கேள்வி: புது ஃப்ளாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. மேல் வீட்டில் யார் ஃப்ளஷ் செய்தாலும் எங்கள் படுக்கை அறைக்குள் அருவி கொட்டுவதுபோல் கேட்கிறது. அவர்கள் குழாய் எங்கள் பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகிறது. இன்டீரியர்காரர் ஒருவர் கறுப்பு ஃபோம் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஒட்டலாமா?
– வாசகி, சென்னை

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். கூம்பு கூம்பாக இருக்கும் அந்த ஃபோம், ஸ்டூடியோவுக்குள் எதிரொலியை அடக்குவதற்கானது. ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போவதை அது தடுக்காது. சத்தத்தை மறிக்க கனம் வேண்டும். பழைய வீடுகளின் வார்ப்பிரும்புக் குழாயில் தண்ணீர் இறங்குவது இவ்வளவு கேட்காததற்கு அதன் எடைதான் காரணம். பிவிசி வந்ததும் விலை குறைந்தது, துரு போயிற்று. மேல் வீட்டார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்பதும் நமக்கு அத்துபடி ஆயிற்று.

சத்தம் காற்றில் வருகிறதா, சுவரில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். மேல் வீட்டாரிடம் சொல்லிவைத்து ஒருமுறை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் படுக்கை அறைச் சுவரில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். மெக்கானிக் எஞ்சினைக் கேட்பாரே, அதே மாதிரி. சுவர் இரைந்தால், குழாய் எங்கோ கட்டடத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி, சுவரில் இறுக்கி முடுக்கிய வெறும் இரும்பு கிளாம்ப். உள்ளே ரப்பர் பட்டை வைத்த கிளாம்பாக மாற்றச் சொல்லுங்கள். தளத்தைத் துளைத்து வரும் இடத்தில் குழாயைச் சுற்றி சிமெண்ட் பூசியிருப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அதில் கை வைக்காதீர்கள். மேலேயிருந்து கசிய ஆரம்பித்தால், சத்தமே தேவலை என்றாகிவிடும்.

அடுத்தது குழாய்க்குப் போர்வை. இதில் வரிசை முக்கியம். முதலில் 25 மில்லிமீட்டர் கிளாஸ் வுல் போல மெத்தென்ற ஒன்று. அதன் மேல் மாஸ் லோடட் வினைல் என்று கிடைக்கும் கனமான ஷீட், சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ளது. கனமான ஷீட்டை நேராகக் குழாயில் ஒட்டினால் பலன் பாதிகூட வராது. நடுவில் மெத்தை இருந்தால்தான் குழாயின் அதிர்வு ஷீட்டுக்குத் தாவாது. 110 மில்லிமீட்டர் குழாய்க்கு, மெத்தையும் சேர்த்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய அரை சதுர மீட்டர் ஷீட் பிடிக்கும். அதாவது மீட்டருக்கு இரண்டரை கிலோ. அதைத் தாங்க கூடுதல் கிளாம்ப் போடாவிட்டால் குழாய் தொய்ந்து வாட்டம் கெட்டுப்போகும். வளைவுகளை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் மோதித் திரும்புகிற இடம் என்பதால் அங்கேதான் இரைச்சல் அதிகம். அடைப்பு எடுக்கும் மூடியை மட்டும் திறக்க முடிகிறபடி விடுங்கள். கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே சுற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு சீலிங்கில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. நானே விட்டிருக்கிறேன். என் வீட்டில் ஜிப்சம் போர்டை இரட்டையாகப் போட்டு, மேலே ராக்வுல்லும் பரப்பிய பிறகு, ஆறு டவுன்லைட்டுக்கு வட்ட வட்டமாக வெட்டவிட்டேன். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், அது எத்தனை கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்காது. விளக்கைச் சுவருக்கு மாற்றுங்கள். சீலிங் ஓரத்து இடுக்குகளை, இறுகிப்போகாத சீலன்ட்டால் அடையுங்கள்.

கேள்வி: டக்ட் வழியாகப் பக்கத்து வீட்டுப் பேச்சு முழுவதும் எங்கள் பாத்ரூமில் கேட்கிறது. நாங்கள் பேசுவதும் அங்கே கேட்கும் அல்லவா? டக்ட் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாம் என்கிறார் என் மைத்துனர்.
– வாசகர், கோவை

பதில்: கேட்கும். காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் நாக்கு வழிக்கும் சத்தம் உங்களுக்கு வருகிறதென்றால், நீங்கள் பாடுவதும் அங்கே போகிறது. மைத்துனரிடம், முட்டை அட்டை முட்டைக்குத்தான் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். இங்கே சத்தம் வருவது சுவர் வழியாக அல்ல, வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாக. அதை எடுத்துவிட்டு, சுற்றிலும் ரப்பர் வைத்து இறுக மூடும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் போடுங்கள். ஈரம் வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான், அதை நேராக டக்டில் திறக்காமல், உட்புறம் கிளாஸ் வுல் பதித்த வளைந்த குழாய் வழியே விட்டால், காற்று திரும்பிப் போகும், பேச்சு வழியிலேயே தேய்ந்துவிடும். வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் மட்டும் ஜன்னலை மூடும் யோசனையே வேண்டாம். அந்தப் புகை உயிருக்கு ஆபத்து.

கேள்வி: வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து நிறுத்தும்போதெல்லாம் சுவருக்குள் ‘டம்’ என்று யாரோ இடிக்கிறார்கள். அம்மா பயப்படுகிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: இடிப்பது தண்ணீர். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை மெஷினின் வால்வு சட்டென்று வெட்டுகிறது. பின்னால் வருகிற தண்ணீருக்கு நிற்கத் தெரியாது. மோதி, அழுத்த அலையாகத் திரும்புகிறது. 1890-களின் கடைசியில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் நிகலாய் ஜுகோவ்ஸ்கி இதை அளந்து கணக்கே போட்டிருக்கிறார். அந்தக் கணக்குப்படி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் திடீரென நின்றால், இரும்புக் குழாயில் அழுத்தம் 10 பாருக்கும் மேல் எகிறும். பிளாஸ்டிக் சற்று விரிந்து கொடுக்கும் என்பதால் அதில் குறைவு.

செலவில்லாத வைத்தியம்: மெஷினுக்குப் போகும் ஆங்கிள் காக்கைப் பாதி மூடுங்கள். தண்ணீர் நிரம்ப இரண்டு நிமிடம் கூடுதலாகும், இடி அடங்கும். அடங்காவிட்டால், காக்குக்கும் மெஷின் ஹோஸுக்கும் நடுவே வாட்டர் ஹாமர் அரெஸ்டர் போடலாம். மேல்நோக்கி ஒரு முட்டுக்குழாய் விட்டால் போதும், உள்ளே காற்று நிற்கும் என்று பழைய பிளம்பர்கள் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து, இடி திரும்ப வந்துவிடும். சத்தம் மோட்டார் நிற்கும் நேரத்தில் கேட்டால் மட்டும் கதை வேறு. அங்கே அறைந்து மூடுவது நான்-ரிட்டர்ன் வால்வு. ஸ்பிரிங் வைத்ததாக மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கீசர் போட்டால் சுவருக்குள் பல்லி சொல்வதுபோல் டிக், டிக் என்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: பலன் பார்க்க வேண்டாம். சிபிவிசி குழாய் சூட்டில் நீளும். மூன்று மீட்டர் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். நீள இடமில்லாமல் பூச்சில் உரசி உரசி நகர்வதுதான் அந்தச் சத்தம். சுவரை உடைக்காமல் செய்யக்கூடியது, கீசரின் சூட்டை 50 டிகிரி வாக்கில் குறைத்து வைப்பது. என்றைக்காவது டைல்ஸ் மாற்றும்போது குழாயைச் சுற்றி ஃபோம் உறை போட்டுப் பூசச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும்போது மட்டும் வெளியூர் போகாமல் கூடவே நில்லுங்கள்.