பலகை மேல் ஓடும் உடன்குடி ரயில்

குலசேகரன்பட்டினம் சர்க்கரை ஆலைக்காக பாரி கம்பெனி விட்ட 2 அடி அகலப் பாதை ரயில், ஒரு காலத்தில் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ஓடியது. அதை வீட்டில் மாடலாக ஓட்ட ஆசையா? 1:76 அளவில் 9 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும். 9 அங்குல ஆரமுள்ள வளைவு 2 அடிப் பலகைக்குள் அடங்கிவிடும்.

இஞ்சின் விக்கி விக்கி ஓடினால் உடனே மோட்டாரைப் பிரிக்காதீர்கள். நம்மூர் உப்புக்காற்றில் தண்டவாளமும் சக்கரமும் கறுத்துப்போகும். பாதி நோய் அதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் இரண்டையும் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறலில் அழுக்கு குடியேறும். அப்படியும் அசையவில்லையா? இஞ்சினைத் தூக்கி, 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் கம்பி வழியாக இருபக்கச் சக்கரங்களில் தொட வையுங்கள் (டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு இஞ்சினுக்கு இது ஆகாது). சுற்றினால் கோளாறு பாதையில். இணைப்புத் தகடு தளர்ந்திருக்கும். சுற்றாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

போன ரயில் வளைந்து அதே பாதைக்குத் திரும்பும் வளையம் பார்க்க அழகுதான். ஆனால் இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். வளையத்தின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் இணைப்பு போட்டு, திசை மாற்றத் தனி சுவிட்ச் வையுங்கள். சித்திரை வெயிலுக்காக இணைப்புகளில் அஞ்சலட்டை கனத்துக்கு இடைவெளி விடுங்கள்; மொட்டைமாடி அறை என்றால் கட்டாயம்.