குப்பை மேடு காடானது

தாராவியில் ஒரு சிறிய வீடு. வீட்டுக்குப் பின்னால் நாலா ஓடுகிறது. அம்மா பிளாஸ்டிக் பையில் குப்பையைக் கட்டினாள். நாலாவில் போடப் போனாள்.

"போடாதேம்மா!" என்றாள் மகள்.

அன்று பள்ளிப் பிள்ளைகள் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்குப் போயிருந்தார்கள்.

"அங்கே பெரிய காடு இருக்கும்மா. முன்பு அது குப்பை மேடாம்!"

மகள் சொன்னது உண்மை. பூங்கா தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில் இருக்கிறது. பரப்பு 37 ஏக்கர். மும்பையின் குப்பையைப் பல ஆண்டுகள் அங்கே கொட்டினார்கள். பிறகு நிறுத்தினார்கள். 1983-ல் மரம் நடத் தொடங்கினார்கள். முதல் கன்றை நட்டவர் பறவை அறிஞர் சலீம் அலி. 1994-ல் பூங்காவை மக்களுக்குத் திறந்தார்கள்.

மரங்கள் வளர்ந்தன. உதிர்ந்த இலைகள் மட்கி உரமாயின. பழம் தின்னப் பறவைகள் வந்தன. அவற்றின் எச்சத்தில் விதைகள் விழுந்தன. புதிய செடிகள் முளைத்தன.

"இலை மட்கும். பிளாஸ்டிக் மட்காது. நாலாவை அடைக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

அம்மாவுக்குப் பழைய நினைவு வந்தது. 2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கடலும் ஏறியிருந்தது. மித்தி ஆறு குறுகிப் போயிருந்தது. நாலாக்களில் குப்பை அடைத்திருந்தது. வெள்ளம் போக வழியில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி போயிற்று. ரேஷன் கார்டும் போயிற்று. மும்பையில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

"சரிதான். ஆனால் நம்ம சந்துக்குள்ளே குப்பை வண்டி வராதே! வேறே எங்கே போடுவேன்?" என்று அம்மா கேட்டாள்.

மகளுக்குப் பதில் தெரியவில்லை.

மாலையில் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பேசினாள். எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். காய்கறித் தோலைத் தனியே வைத்தார்கள். அது மட்கிச் செடிக்கு உரமாகும். பிளாஸ்டிக்கைக் கழுவிச் சேர்த்தார்கள். அதைப் பங்கார் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். மீதிக் குப்பைக்குச் சந்து முனையில் தொட்டி வேண்டும். நாலாவை மழைக்கு முன்பே தூர் வார வேண்டும். இதைக் கேட்டு மாநகராட்சி வார்டு ஆபீசுக்கு மனு எழுதினார்கள்.

மனுவின் கீழே அம்மா கைநாட்டு வைக்கவில்லை. தன் பெயரைத் தானே எழுதினாள்.

பேசிப் பாருங்கள்:
1. உங்கள் வீட்டுக் குப்பையில் எவை மட்கும்? எவை மட்காது?
2. உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது?
3. உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும்? ஒரு மனு எழுதுங்கள்.