ஆட்டம்மைக்கு மனித என்சைமா?

கேள்வி: மதுரையில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், 'ரீகாம்பினன்ட் மனித சி-காஸ்' என்ற என்சைமை வைத்துச் சோதனை செய்கிறாளாம். கிருமியின் டி.என்.ஏ.வை அது கண்டுகொள்ளும் என்கிறாள். மனித ரத்தத்திலிருந்தா எடுக்கிறார்கள்? ஊசியாகப் போட்டால் எங்கள் ஆடுகளுக்கு அம்மை வராதா?
– வாசகர், திருச்சுழி

பதில்: ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை. சி-காஸுக்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்ப்பார்கள். பிறகு பாக்டீரியாவை உடைத்து, அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, மைனஸ் 80 டிகிரி குளிரில் வைப்பார்கள். 1982-இல் விற்பனைக்கு அனுமதி பெற்ற மனித இன்சுலினும் இப்படி பாக்டீரியா தயாரித்துக் கொடுத்ததுதான்.

2013-இல் டாலஸ் நகர விஞ்ஞானி ஷிஜியன் சென் குழுவினர் சி-காஸின் வேலையைச் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள். அதற்காக 2024-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. செல்லின் டி.என்.ஏ. பெரும்பாலும் உட்கருவுக்குள் இருக்கும். வெளியே, சைட்டோபிளாசத்தில் இரட்டை இழை டி.என்.ஏ. தட்டுப்பட்டால் சி-காஸ் அதைப் பற்றிக்கொள்ளும். அது யாருடையது என்று பார்க்காது. பட்டியில் நிற்கும் ஆட்டை யாரும் கேட்பதில்லை. உளுந்துக் காட்டுக்குள் நின்றால் சொந்த ஆட்டையும் விரட்டத்தானே செய்கிறோம்?

உங்கள் மகளின் சோதனைக் குழாயில் என்சைமோடு ஏ.டி.பி., ஜி.டி.பி., மெக்னீசியம் இருக்கும். டி.என்.ஏ. சேராதவரை பெரிதாக எதுவும் நடக்காது. சேர்ந்ததும் ஏ.டி.பி.யையும் ஜி.டி.பி.யையும் இணைத்து சிஜிஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை சி-காஸ் உண்டாக்கும். உடலில் இதுதான் 'ஸ்டிங்' என்ற புரதத்தை எழுப்பி, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கிறது. எந்த மருந்து இந்த என்சைமை அடக்குகிறது என்று பார்க்கவும் இதே குழாய்ச் சோதனை உதவும். அடக்கவும் வேண்டியிருக்கிறது: சொந்த டி.என்.ஏ. செல்லுக்குள் தேங்கி சி-காஸ் ஓயாமல் வேலை செய்தால், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஐகார்டி-கூட்டியர் நோய் போன்றவை வரும்.

ஊசி யோசனை பலிக்காது. சி-காஸ் செல்லுக்குள் இருந்து வேலை செய்வது. ஊசியில் ஏற்றிய புரதம் தானாகச் செல்லுக்குள் போய்ச் சேராது. ஆட்டம்மை வைரஸ் சைட்டோபிளாசத்திலேயே பெருகும் டி.என்.ஏ. வைரஸ். அதைக் கண்டுகொள்ள ஆட்டின் செல்லிலும் சி-காஸ் உண்டு. ஆனாலும் அம்மை வைரஸ்களிடம் உடலின் எதிர்ப்பை ஏய்க்கும் புரதங்கள் பல இருக்கின்றன. எனவே தடுப்பூசிதான் வழி. குட்டிகளுக்கு எந்த வயதில் போடுவது என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, மந்தை முழுவதற்கும் தவறாமல் போட்டுவிடுங்கள்.