குற்றமா, நோயா? ராணுவம் எப்படி முடிவு செய்கிறது?

மாணவர்களே, ஜொகூரின் உலு திராமில் புலாடா எனும் தரைப்படைப் பயிற்சி மையம் உள்ளது. கடும் பயிற்சியில் வீரரின் உடல் காட்டுக்குப் பழகிவிடும். மூளை?

ஆபத்து வந்தால் மூளையின் அமிக்டலா பகுதி எச்சரிக்கை மணி அடிக்கும். அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும். ஆபத்து நீங்கியதும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி அந்த மணியை அடக்க உதவும். கொடுமையான அனுபவத்துக்குப் பிறகு சிலருக்கு மணி அடங்குவதே இல்லை. தீபாவளிப் பட்டாசு வெடித்தாலும் உடல் போர்க்களத்துக்குப் போய்விடும். தூக்கம் கெடும், கோபம் பொங்கும். சிலர் குடிப்பார்கள், சிலர் முகாமை விட்டு ஓடுவார்கள். அதிகாரியின் பதிவேட்டில் இவையெல்லாம் 'ஒழுங்கீனம்'.

பிரிட்டிஷ் வீரர் ஹாரி ஃபார் முதல் உலகப்போரில் குண்டதிர்ச்சியால் 5 மாதம் மருத்துவமனையில் இருந்தார். கை நடுங்கியதால் அவருடைய கடிதங்களைத் தாதிதான் எழுதினாராம். 1916இல் போர்முனைக்குப் போக மறுத்தார். 'கோழைத்தனம்' என்று தீர்ப்பாகி, அக்டோபர் 18ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கும் இவ்வாறு கொல்லப்பட்ட மற்றவர்களுக்கும், மொத்தம் 306 பேருக்கு, மன்னிப்புக் கிடைத்தது 2006இல்தான்!

இப்போது யாரையும் சுடுவதில்லை, பணிநீக்கம் செய்கிறார்கள். அமெரிக்காவில் அவப்பெயரோடு நீக்கப்பட்டவர் பல சலுகைகளை இழக்க நேரிடும். சிகிச்சையும் அதில் போய்விடலாம். நோயால் வந்த தவறுக்கு மருந்தையே பறிப்பது விந்தைதானே?

வியட்நாம் போர் வீரர்களின் கதை இன்னும் சிக்கல். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது 1980இல். 1970இல் நீக்கப்பட்டவரின் கோப்பில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்குமா? அதனால் 2014இல் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், இத்தகைய மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்கச் சொன்னார். 2017இல் வந்த வழிகாட்டுதல் நான்கு கேள்விகளைக் கேட்கிறது. நோய் இருந்ததா? பணிக்காலத்தில் இருந்ததா? தவறுக்கு அது காரணமாகிறதா? நீக்கத்தை மாற்றும் அளவுக்கு அது கனமானதா?

மூன்றாவதுதான் கடினம் என்பேன். சொல்லாமல் ஓடியதற்கு நோய் காரணமாகலாம். திட்டமிட்டுத் திருடியதற்குப் பொதுவாக ஆகாது.

ஒரு கற்பனை வீரர்: 6 ஆண்டுகள் குறையில்லாத பதிவு. போர்முனையிலிருந்து திரும்பிய 3 மாதத்தில் இருமுறை முகாமை விட்டு ஓடினார், ஒருமுறை சண்டை போட்டார். மருத்துவரிடம் போனதே இல்லை. நீங்கள் விசாரணைக் குழுவில் இருந்தால், நான்கு கேள்விகளுக்கும் என்ன பதில் எழுதுவீர்கள்?